முள் ஏறுது, வண்டி ஏறல: பழைய டர்போ காரில் கிளட்ச் ஸ்லிப்

பழைய கார் சந்தையில் வேகப்பிரியர்கள் வலைபோட்டுத் தேடும் வண்டிகள் சில உண்டு. 2004-இல் இந்தியாவுக்கு வந்த முதல் ஸ்கோடா ஆக்டேவியா ஆர்.எஸ்., 2011-இல் வந்த லாரா ஆர்.எஸ்., ஃபோக்ஸ்வாகன் போலோ ஜி.டி. டி.டி.ஐ., 2015-இல் வந்த அபார்த் புண்ட்டோ. எல்லாமே டர்போ (எஞ்சினுக்குள் காற்றை அழுத்தி ஊதும் கருவி) உள்ளவை, எல்லாமே மேனுவல் கியர், எல்லாமே இன்று இரண்டாவது, மூன்றாவது கை மாறியவை. அப்படி ஒன்றை வாங்கியவர்கள் கொஞ்ச நாளில் வந்து கேட்கும் கேள்வி பெரும்பாலும் இதுதான்: "நாலாவது கியர்ல நல்லா மிதிச்சா சத்தம் ஏறுது, ஆர்.பி.எம். முள் ஏறுது, வண்டி மட்டும் அப்படியே போகுது. என்ன ஆச்சு?"

கிளட்ச் ஸ்லிப் ஆகிறது. எஞ்சின் சுற்றும் சுற்று முழுதாக கியர்பாக்ஸுக்குப் போய்ச் சேரவில்லை. ஒர்க்‌ஷாப்பில் விட்டால் "பிளேட் போயிடுச்சு சார், மாத்திடலாம்" என்பார்கள். பெரும்பாலும் அது சரியாகவும் இருக்கும். ஆனால் பிளேட் தேய்வது இதற்கான காரணங்களில் ஒன்றுதான். தேயாத பிளேட்டும் ஸ்லிப் ஆகும். புத்தம் புதிய பிளேட்டும் ஆகும். காரணம் தெரியாமல் கியர்பாக்ஸை இறக்கி ஏற்றினால், கொஞ்ச நாளில் திரும்பவும் இறக்க வேண்டி வரும். இந்த வண்டிகளில் அது சின்ன பில் இல்லை.

கிளட்ச் எவ்வளவு தாங்கும்?

எஞ்சினின் கிராங்க் என்ற சுழலும் தண்டின் முனையில் ஃபிளைவீல் என்ற கனமான சக்கரம் இருக்கிறது. அதோடு போல்ட் போட்டு இறுக்கியது பிரஷர் பிளேட். இந்த இரண்டுக்கும் நடுவில், இரு பக்கமும் உராய்வு லைனிங் உள்ள கிளட்ச் பிளேட் நிற்கிறது. கியர்பாக்ஸுக்குள் போகும் ஷாஃப்ட் இந்த பிளேட்டின் நடுவில்தான் கோத்திருக்கும். பிரஷர் பிளேட்டில் உள்ள வட்டமான டயாஃப்ரம் ஸ்பிரிங் எப்போதும் பிளேட்டை ஃபிளைவீலோடு அழுத்தியே வைத்திருக்கிறது. நீங்கள் பெடலை மிதிக்கும்போது ரிலீஸ் பேரிங் அந்த ஸ்பிரிங்கைத் தள்ளி, பிடியைத் தளர்த்துகிறது. காலை எடுத்தால் மறுபடி பிடிக்கிறது. பெடல் மிதித்தால்தான் கிளட்ச் வேலை செய்கிறது என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் பெடலில் கால் இல்லாத நேரம் முழுக்க அது பிடித்துக்கொண்டே இருக்கிறது. ஸ்லிப் ஆவது இந்தப் பிடியில் வரும் குறை.

அந்தப் பிடிக்கு ஒரு வரம்பு உண்டு, அதைக் கணக்குப் போட்டே பார்க்கலாம். ஸ்பிரிங் தரும் அழுத்தம், லைனிங்கின் உராய்வு எண், உராயும் முகங்கள் (ஒரு பிளேட் என்றால் இரண்டு), லைனிங்கின் சராசரி ஆரம், இந்த நான்கையும் பெருக்கினால் கிளட்ச் கடத்தக்கூடிய டார்க் (சுழற்றும் விசை) வந்துவிடும். ஒரு பேச்சுக்கு, அழுத்தம் 6000 நியூட்டன், உராய்வு எண் 0.3, ஆரம் 10 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். பெருக்கினால் 360 நியூட்டன் மீட்டர். லாரா ஆர்.எஸ்.ஸில் உள்ள 1.8 லிட்டர் டி.எஸ்.ஐ. எஞ்சின் கம்பெனியிலிருந்து வரும்போது 250 நியூட்டன் மீட்டர் தருகிறது. 110 கையிருப்பு. நிம்மதி.

இப்போது லைனிங் சூடாகி உராய்வு எண் 0.25-க்கு இறங்குகிறது என்று வைப்போம். அதே கிளட்ச் இப்போது 300-தான் தாங்கும். 250-க்கு இன்னும் போதும். ஆனால் முன்னால் வைத்திருந்தவர் வண்டியை ரீமேப் செய்திருந்தால், அதாவது எஞ்சின் கம்ப்யூட்டரின் சாஃப்ட்வேரை மாற்றி சக்தியைக் கூட்டியிருந்தால்? இந்த எஞ்சினில் ரீமேப்புக்குப் பிறகு 320, 340 என்று டார்க் ஏறுவது சாதாரணம். குளிர்ந்திருக்கும்போது தாக்குப்பிடிக்கிற கிளட்ச், சூடேறியதும் விட்டுவிடும். "காலைல நல்லா ஓடுது, ஹைவேல ரெண்டு தடவ விரட்டினதும் ஸ்லிப் ஆகுது" என்ற புகார் பெரும்பாலும் இங்கேதான் பிறக்கிறது.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடலாம். கிளட்ச்சுக்குக் குதிரைத்திறன் தெரியாது. அது பார்ப்பது டார்க்கை மட்டும். லாரா ஆர்.எஸ். 160 பி.எஸ். (குதிரைத்திறனின் ஓர் அளவு), போலோ ஜி.டி. டி.டி.ஐ. 105 பி.எஸ். இரண்டின் டார்க்கும் 250 நியூட்டன் மீட்டர்தான். அபார்த் புண்ட்டோ 145 பி.எஸ்.; ஆனால் அதன் டார்க் 212. வேகத்தில் அபார்த் போலோவை முந்தலாம். கிளட்ச் சுமையில் போலோவுக்குத்தான் வேலை அதிகம். "டீசல்தானே, சின்ன எஞ்சின்தானே" என்று ரீமேப் போட்டுவிட்டு கிளட்ச் பறிபோனவர்கள் நிறைய. டீசலில் ரீமேப் ஏற்றுவது முக்கியமாக டார்க்கைத்தான், அதுவும் கீழ் ஆர்.பி.எம்.மில்.

ஸ்லிப்தானா? முதலில் அதை உறுதிசெய்வோம்

கியர் போட்டு, பெடலில் கால் இல்லாமல் ஓடும் காரில் எஞ்சின் ஆர்.பி.எம்.முக்கும் வேகத்துக்கும் உள்ள விகிதம் மாறவே கூடாது. கியர் பற்கள் கோத்திருக்கின்றன, டயர் தரையைப் பிடித்திருக்கிறது, மாற இடமே இல்லை. மாறினால் நடுவில் ஏதோ வழுக்குகிறது என்று அர்த்தம். மேனுவல் வண்டியில் அது கிளட்ச், இல்லாவிட்டால் டயர்.

சோதிக்கும் முறை எளிது. எஞ்சினை நன்றாகச் சூடாக்கி, போக்குவரத்து இல்லாத நேரான சமதளச் சாலையில் நாலாவது அல்லது ஐந்தாவது கியரில் 2000 ஆர்.பி.எம். சுமாருக்கு ஓட்டுங்கள். பிறகு ஆக்ஸிலரேட்டரை முழுதாக மிதியுங்கள். முதல், இரண்டாவது கியரில் இதைச் செய்து பயனில்லை. அங்கே வண்டி சட்டென்று வேகமெடுத்துவிடுவதால் எஞ்சின் முழு டார்க்கில் நிற்கும் நேரம் மிகக் குறைவு. போதாக்குறைக்கு இந்த முன்சக்கர டர்போ வண்டிகளில் கீழ் கியரில் டயரே சுழன்றுவிடும். டிராக்‌ஷன் கன்ட்ரோல் விளக்கு மின்னினால் அது டயர் என்று தெரிந்துகொள்ளலாம். மேல் கியரில் டர்போ முழு மூச்சில் ஊதும், வண்டியோ மெதுவாகத்தான் ஏறும். கிளட்ச் முழுச் சுமையை விநாடிக்கணக்கில் தாங்கியாக வேண்டும். குறை இருந்தால் அங்கே தெரிந்துவிடும்.

முள்ளைக் கண்ணால் பார்த்தே கண்டுபிடிக்கலாம். ஆனால் ரோட்டையும் பார்க்க வேண்டும், முள்ளையும் பார்க்க வேண்டும் என்றால் ஆபத்து. சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் ஓ.பி.டி. புளூடூத் அடாப்டரை (வண்டியின் கம்ப்யூட்டர் தரும் தகவலைப் போனுக்கு அனுப்பும் கருவி) ஸ்டீயரிங் கீழே சொருகி, போனில் ஒரு ஆப்பில் ஆர்.பி.எம்., வேகம் இரண்டையும் பதிவு போட்டுவிட்டால் வீட்டுக்கு வந்து நிதானமாகப் பார்க்கலாம். பக்கத்தில் ஒரு நண்பரை உட்கார வைத்துக்கொண்டால் இன்னும் நல்லது.

பதிவை எப்படிப் படிப்பது? ஒரு வண்டி நாலாவது கியரில் 2000 ஆர்.பி.எம்.மில் 60 கி.மீ. வேகத்தில் போகிறது என்று வைப்போம். அப்படியென்றால் 1000 ஆர்.பி.எம்.முக்கு 30 கி.மீ. 2500-இல் 75 வர வேண்டும், 3000-இல் 90. பதிவில் 2500-க்கு நேரே 75 இருக்கிறது, சரி. அடுத்த வரியில் 3100-க்கு 80, அதற்கடுத்து 3500-க்கு 90 என்றிருந்தால் மாட்டிக்கொண்டது. 90 கி.மீ.க்கு 3000 போதும். மிச்சம் 500 ஆர்.பி.எம். கிளட்ச்சிலேயே கரைந்துவிட்டது. ஓ.பி.டி.யில் வேகம் சற்றுத் தாமதமாகத்தான் வரும், அதனால் 50, 100 ஆர்.பி.எம். வித்தியாசத்துக்கெல்லாம் பதற வேண்டாம். ஸ்லிப் என்றால் ஆர்.பி.எம். தனியாகக் குதித்துப் போவது தெளிவாகவே தெரியும்.

அந்த 500 ஆர்.பி.எம். சின்ன எண்ணாகத் தெரியலாம். 250 நியூட்டன் மீட்டர் டார்க்கில் 500 ஆர்.பி.எம். வழுக்கினால் கிளட்ச்சில் வெப்பமாக மாறும் சக்தி சுமார் 13 கிலோவாட். ஆயிரம் வாட் இஸ்திரிப் பெட்டி பதின்மூன்றை ஒரு சாப்பாட்டுத் தட்டு அளவு பிளேட்டின் மேல் அழுத்தி வைத்த மாதிரி. லைனிங்கில் உள்ள பிசின் கருகி அந்தக் காரமான வாடை வருவதும், ஓரிரண்டு முறை விரட்டியதிலேயே நிலைமை முற்றிவிடுவதும் இதனால்தான். வழுக்கினால் சூடு, சூடானால் உராய்வு குறைவு, உராய்வு குறைந்தால் இன்னும் வழுக்கல். ஆகவே சோதனையை ஒரு முறை, மிஞ்சினால் இரண்டு முறை செய்யுங்கள். நண்பர்களுக்கெல்லாம் ஆளுக்கொரு தடவை ஓட்டிக் காட்டிக்கொண்டிருக்க வேண்டாம்.

ஹேண்ட்பிரேக்கைப் போட்டு மூன்றாவது கியரில் கிளட்ச்சை விட்டு, எஞ்சின் அணைகிறதா என்று பார்க்கும் பழைய முறையும் இருக்கிறது. கிளட்ச் அறவே போயிருந்தால் எஞ்சின் அணையாமல் ஓடிக்கொண்டே இருக்கும். ஆனால் எஞ்சின் அணைந்துவிட்டது, ஆகவே கிளட்ச் நன்றாக இருக்கிறது என்று முடிவுகட்ட முடியாது. ஐடிலில் (ஆக்ஸிலரேட்டர் மிதிக்காமல் எஞ்சின் சும்மா ஓடும்போது) எஞ்சின் தரும் டார்க் எங்கே, டர்போ ஊதும்போது தரும் டார்க் எங்கே.

ஸ்லிப்போடு குழப்பிக்கொள்ளும் இரண்டு கோளாறுகள் உண்டு. டர்போவின் ரப்பர் ஹோஸில் விரிசல் விழுந்து காற்று கசிந்தாலும் "வண்டி இழுக்கல" என்றுதான் தோன்றும். ஆனால் அங்கே ஆர்.பி.எம்.மும் ஏறாது, வேகமும் ஏறாது. இரண்டும் சேர்ந்தே சோம்பும். இன்னொன்று, கியர் போடும்போது கரகரப்பது, ரிவர்ஸ் விழ மறுப்பது. அது கிளட்ச் முழுதாக விடாத குறை, பிடிக்காத குறை அல்ல. நேர் எதிரான நோய், வைத்தியமும் வேறு.

ஏன் வழுக்குகிறது?

முதல் காரணம் எல்லோருக்கும் தெரிந்த தேய்மானம். நகர நெரிசலில் அரை கிளட்ச்சிலேயே ஊர்வது, மேட்டில் பிரேக் பிடிக்காமல் கிளட்ச்சாலேயே வண்டியை நிறுத்தி வைப்பது, ஓட்டும் நேரமெல்லாம் இடது காலை பெடல் மேலேயே வைத்திருப்பது. வால்பாறைக்கு ஏறும் 40 கொண்டை ஊசி வளைவுகளையும் இரண்டாவது கியரில் அரை கிளட்ச் போட்டே திருப்பியவர் கையிலிருந்து வண்டி வந்திருந்தால் பிளேட்டைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். அந்த வளைவுக்கு முதல் கியர் போடுவது கௌரவக் குறைச்சல் இல்லை.

தேய்மானத்தில் ஒரு வேடிக்கை உண்டு. சாதாரண டயாஃப்ரம் ஸ்பிரிங் பிளேட் தேயத் தேயத் தளர்ந்துகொண்டே போவதில்லை. தேயும்போது முதலில் அதன் அழுத்தம் கொஞ்சம் கூடுகிறது, பிறகு பழைய அளவுக்கு வருகிறது, அதற்குப் பிறகுதான் சடசடவென்று சரிகிறது. அதனால் வண்டி பல ஆண்டுகள் எந்த அறிகுறியும் காட்டாமல் ஓடிவிட்டு, ஒரு நாள் திடீரென ஸ்லிப் ஆகும். "நேத்து வரைக்கும் நல்லாத்தான் இருந்துச்சு" என்று விற்றவர் சொல்வது பொய்யாகவே இருக்க வேண்டியதில்லை.

இரண்டாவது ரீமேப். மேலே போட்ட கணக்குதான். விற்கும்போது பழைய சாஃப்ட்வேரைத் திரும்ப ஏற்றிவிட்டுக் கொடுப்பவர்களும் உண்டு, ரீமேப்போடு அப்படியே தள்ளிவிடுபவர்களும் உண்டு. ஏர் ஃபில்டர் பெட்டி மாறியிருக்கிறதா, டர்போவுக்குப் பின்னால் உள்ள எக்ஸாஸ்ட் குழாய் கம்பெனியுடையதா, பானெட்டுக்குள் கலர் கலராக சிலிகான் ஹோஸ் இருக்கிறதா என்று பாருங்கள். ரீமேப் செய்துகொடுக்கும் கடைக்கே எடுத்துப் போய் இ.சி.யு. என்ற எஞ்சின் கம்ப்யூட்டரில் இருப்பது கம்பெனி சாஃப்ட்வேர்தானா என்று படித்துப் பார்க்கச் சொல்லலாம். ரீமேப்தான் காரணம் என்றால் பிளேட் அதிகம் தேயாமலே இருக்கலாம். அதே வகை புது பிளேட்டைப் போட்டால் அதுவும் அதே டார்க்கில் அதே மாதிரி வழுக்கும்.

மூன்றாவதைத்தான் மெக்கானிக்குகளே சில சமயம் கோட்டை விடுகிறார்கள். ஆயில். கிராங்க் பின்பக்க ஆயில் சீல் கசிந்தால் எஞ்சின் ஆயில் நேராக கிளட்ச் இருக்கும் கூட்டுக்குள் இறங்குகிறது. கியர்பாக்ஸ் முன்பக்க சீல் கசிந்தால் கியர் ஆயில். சில வண்டிகளில் ஹைட்ராலிக் சிலிண்டரே கூட்டுக்குள் இருப்பதால் அது கசிந்தால் பிரேக் ஆயில். எஞ்சினும் கியர்பாக்ஸும் சேரும் இடத்துக்கு அடியில் விரலால் தடவிப் பாருங்கள். கறுப்பாக, வழவழப்பாக இருந்தால் எஞ்சின் ஆயில். மூக்கைத் துளைக்கும் கந்தக வாடை வந்தால் கியர் ஆயில். தண்ணீர் போல் மெல்லியதாக இருந்து பெயிண்டையும் கிளப்புகிறது என்றால் பிரேக் ஆயில். ஆயில் பட்ட பிளேட் வழுக்குவதோடு நிற்காது. வண்டியை நகர்த்தும்போது தடதடவென்று உதறவும் செய்யும்.

லாரா ஆர்.எஸ்.ஸில் இந்தக் கதைக்கு ஒரு முன்கதையும் இருக்கிறது. அந்த 1.8 டி.எஸ்.ஐ., ஃபோக்ஸ்வாகன் குழுமத்தின் இ.ஏ.888 வகை எஞ்சின். இதில் கிராங்க்கேஸ் காற்றைச் சீராக்கும் பி.சி.வி. வால்வின் உள்ளே இருக்கும் ரப்பர் கிழிந்தால், எஞ்சினுக்குள் உறிஞ்சுவிசை அளவுக்கு மேல் ஏறி, பின்பக்க சீல் வழியாகக் காற்றை இழுக்கும். ஐடிலில் எங்கிருந்தோ விசில் அடிப்பது போல் ஒரு மெல்லிய சத்தம் கேட்கும். ஆயில் டிப் ஸ்டிக்கைக் கொஞ்சம் வெளியே இழுத்ததும் அந்த விசில் நின்றால், பார்க்க வேண்டியது பி.சி.வி. வால்வை. அப்படியே விட்டால் சீல் கெட்டு, ஆயில் கிளட்ச்சில் இறங்கும். இதைப் பார்க்காமல் புது கிளட்ச் செட்டையும் புது சீலையும் போட்டு மூடினால், புது சீலும் அதே வழியில் போகும். வால்வுக்கு ஆகும் செலவு கிளட்ச் வேலையில் ஒரு சிறு பங்குதான். மேலேயே இருப்பதால் கியர்பாக்ஸைத் தொடவே வேண்டாம்.

நான்காவது அபூர்வம், ஆனால் சோதிக்கச் சுலபம். பெடல் அட்ஜஸ்ட்மென்ட் தவறாக இருந்தாலோ மாஸ்டர் சிலிண்டர் பழுதானாலோ, பெடலை விட்ட பிறகும் குழாய்க்குள் அழுத்தம் முழுதாக இறங்காது. சூட்டில் ஆயில் விரிந்து ரிலீஸ் பேரிங்கை லேசாகத் தள்ளியே வைத்திருக்கும். யாரோ பெடலில் கால் வைத்திருப்பதற்குச் சமம். சூடானதும் ஸ்லிப் ஆரம்பிக்கும்போது வண்டியை ஓரங்கட்டி, ஸ்லேவ் சிலிண்டரின் (ரிலீஸ் பேரிங்கைத் தள்ளும் சிலிண்டர்) பிளீட் நிப்பிளை, அதாவது ஆயிலை வெளியேற்றும் சிறு திருகை, ஒரு நொடி தளர்த்தி மூடச் சொல்லுங்கள். பீய்ச்சிக்கொண்டு ஆயில் வந்து, ஸ்லிப்பும் நின்றுவிட்டால் கிளட்ச் செட்டுக்குக் கொடுக்க இருந்த பணம் மிச்சம். கேபிள் கிளட்ச் உள்ள வண்டியில் இதற்கு இணையானது கேபிளில் ஃப்ரீ பிளே (சிறு தளர்வு) இல்லாமல் இறுகிப் போவது. அதை முதலில் பாருங்கள், காசே ஆகாது.

டி.எஸ்.ஜி. என்ற ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் வைத்திருப்பவர்களுக்கு இதில் பாதிதான் பொருந்தும். அங்கே கிளட்ச்சை இயக்குவது கம்ப்யூட்டர், எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்பதையும் ஸ்கேனர் போட்டுத்தான் படிக்க வேண்டும். அது தனிக் கட்டுரைக்கான விஷயம்.

ஒர்க்‌ஷாப்புக்குப் போகும் வரை

ஸ்லிப் ஆகும் வண்டியை மெதுவாக ஓட்டிச் செல்லலாம். தந்திரம் ஒன்றுதான்: டார்க்கைக் குறைவாகக் கேளுங்கள். மேல் கியரில் அழுத்தி மிதிப்பதற்குப் பதில் ஒரு கியர் குறைத்து, லேசான ஆக்ஸிலரேட்டரில் ஓட்டினால் கிளட்ச் மேல் விழும் சுமை குறையும். ரீமேப் வண்டி என்றால் பழைய சாஃப்ட்வேரை ஏற்றி ஓட்டுங்கள். வாடை வந்துவிட்டால் ஓரமாக நிறுத்தி, ஆற விட்டுக் கிளம்புங்கள். மலை ஏறாதீர்கள், ஆள் ஏற்றாதீர்கள். இப்படி வாரக்கணக்கில் இழுத்தடிக்கலாம் என்றும் நினைக்க வேண்டாம். லைனிங் கரைந்து, அதைப் பிடித்திருக்கும் ஆணித் தலை ஃபிளைவீலைக் கீற ஆரம்பித்தால் பில்லில் ஃபிளைவீலும் சேர்ந்துவிடும்.

பொடி போட்டால் பிடித்துக்கொள்ளும் என்று யாராவது யோசனை சொல்லலாம். தோல் வைத்த கூம்பு கிளட்ச்சுகள் இருந்த ஆதிகாலக் கார்களில் களிமண் பொடியைத் தூவி ஓட்டியிருக்கிறார்கள், உண்மைதான். இன்றைய கிளட்ச்சில் அந்தப் பொடி ரிலீஸ் பேரிங்கைத்தான் தின்னும்.

கியர்பாக்ஸ் இறங்கியதும்

அப்போது நீங்கள் அங்கே இருங்கள். குறைந்தது போட்டோவாவது அனுப்பச் சொல்லுங்கள். கழற்றிய பழைய பிளேட் எல்லா உண்மையையும் சொல்லிவிடும். லைனிங்கைப் பிடித்திருக்கும் ஆணித் தலைகளைப் பாருங்கள். லைனிங் மட்டத்திலிருந்து ஆணி இன்னும் ஒரு மில்லிமீட்டர் உள்ளே இருந்தால் பிளேட்டில் உயிர் இருக்கிறது, சுமார் 0.3 மில்லிமீட்டருக்கு வந்துவிட்டால் ஆயுள் முடிந்தது. தடிமன் நன்றாக இருந்து, மேற்பரப்பு மட்டும் கண்ணாடி போல் மின்னினால் சூட்டில் வெந்திருக்கிறது, அதாவது டார்க் அதிகம். கறுத்து, பிசுபிசுத்து, ஓரம் நனைந்திருந்தால் ஆயில். பிரஷர் பிளேட்டின் முகத்தில் நீலமும் ஊதாவுமாகத் திட்டுகள், மெல்லிய விரிசல்கள் தெரிந்தால் யாரோ நின்ற இடத்திலிருந்து ஐயாயிரம் ஆர்.பி.எம்.மில் கிளட்ச்சை விட்டு விளையாடியிருக்கிறார்கள். ஆயில் பட்ட பிளேட்டை பெட்ரோலில் கழுவிக் காயவைத்துப் போடலாம் என்றால் ஒத்துக்கொள்ளாதீர்கள். லைனிங் ஆயிலைக் குடித்திருக்கும், சூடானதும் திரும்பக் கக்கும். பழைய பிளேட்டில் புது லைனிங் ஆணியடித்துக் கொடுக்கும் கடைகள் ஊருக்கு ஊர் இருக்கின்றன. பழைய அம்பாசிடருக்கு அது போதும், டர்போ காருக்கு வேண்டாம்.

கூலியில் பெரும்பகுதி கியர்பாக்ஸை இறக்கி ஏற்றுவதற்குத்தான். அதனால் உள்ளே இருப்பதில் சந்தேகமானது எதையும் மிச்சம் வைக்காதீர்கள். பிளேட், பிரஷர் பிளேட், ரிலீஸ் பேரிங் மூன்றும் ஒரே செட்டாக. கூட்டுக்குள் ஹைட்ராலிக் சிலிண்டர் இருந்தால் அதுவும். பின்பக்க சீலில் ஈரம் தெரிந்தால் சீல். ஃபிளைவீல் போல்ட்டுகள் ஒருமுறை இறுக்கியதும் நீண்டுவிடும் வகை என்றால் புதிது வாங்குங்கள், பழையதையே போடும் சிக்கனம் இங்கே வேண்டாம்.

ஃபிளைவீல்தான் பெரிய செலவு. இந்த வண்டிகள் பலவற்றில் இருப்பது டூயல் மாஸ் ஃபிளைவீல்: இரண்டு தட்டுகள், நடுவில் அதிர்வை விழுங்கும் ஸ்பிரிங்குகள். கையால் திருப்பினால் அளவோடு அசைய வேண்டும். கடகடவென்று ஆடினாலோ, உள்ளிருந்து கிரீஸ் வெளியே தெறித்திருந்தாலோ அதன் காலம் முடிந்தது. ஒற்றைத் தட்டு ஃபிளைவீலை லேத்தில் கொடுத்து ஃபேசிங் செய்துகொள்ளலாம் (முகத்தைச் சீவிச் சமப்படுத்தலாம்), டூயல் மாஸில் அப்படிச் செய்ய முடியாது. விலையைக் கேட்டதும் பலர் ஒற்றைத் தட்டு ஃபிளைவீலுக்கு மாறிவிடுகிறார்கள். மாறலாம். ஆனால் ஐடிலில் கியர்பாக்ஸ் கலகலக்கும் சத்தத்தோடு வாழப் பழகிக்கொள்ள வேண்டும், டீசலில் அது இன்னும் கூடுதல். முதல் ஆக்டேவியா ஆர்.எஸ். போன்ற 1.8 டர்போ வண்டிகளுக்கு ஒரு பிரபலமான வழி இருக்கிறது: ஃபோக்ஸ்வாகனின் பழைய ஜி60 எஞ்சினுக்கான ஒற்றைத் தட்டு ஃபிளைவீல், அதன் மேல் வி.ஆர்.6 எஞ்சினுக்கான பெரிய கிளட்ச். எல்லாமே அதே குழுமத்தின் பாகங்கள், தாங்கும் டார்க்கோ கணிசமாக அதிகம்.

ரீமேப்பை விட மனமில்லாதவர்கள் கிளட்ச்சின் தாங்குசக்தியைக் கூட்டத்தான் வேண்டும். அந்தப் பெருக்கல் கணக்கில் எதையாவது ஒன்றை ஏற்றியாக வேண்டும். அழுத்தத்தை ஏற்றினால் பெடல் கனமாகும். லைனிங்கை செராமிக்குக்கு மாற்றினால் சூட்டைத் தாங்கும், ஆனால் பிடித்தால் ஒரேயடியாகப் பிடிக்கும். நடுவில் நிதானமாக விட இடமிருக்காது. ரேஸ் டிராக்கில் அது சுகம், மாலை ஆறு மணிக்கு சென்னை கத்திப்பாரா நெரிசலில் நரகம். தினமும் அலுவலகம் போகிற வண்டிக்கு, சாதாரண ஆர்கானிக் லைனிங்கோடு அழுத்தம் கூடிய பிரஷர் பிளேட் போதும் என்பது என் கட்சி. வாங்கும்போது எத்தனை குதிரைத்திறன் தாங்கும் என்று கேட்காமல், எத்தனை நியூட்டன் மீட்டர் தாங்கும் என்று கேளுங்கள். ரீமேப் டார்க்குக்கு மேல் ஐந்தில் ஒரு பங்காவது கையிருப்பு இருக்கட்டும்.

இன்னும் வண்டியை வாங்கவே இல்லை, பார்க்கத்தான் போகிறீர்கள் என்றால் உங்கள் கை ஓங்கியிருக்கிறது. தெருமுனை வரை ஓட்டிக் காட்டுவதோடு விற்பவர் முடிக்கப் பார்ப்பார். ஹைவேயில் நாலாவது கியர் சோதனை செய்யாமல் விலை பேசாதீர்கள். ஸ்லிப் இருந்தால் கிளட்ச் செட்டுக்கும் ஃபிளைவீலுக்கும் கூலிக்கும் சேர்த்து ஒரு ஒர்க்‌ஷாப்பில் எழுதி வாங்கி, அந்த முழுத் தொகையையும் விலையில் கழிக்கச் சொல்லுங்கள். "பிளேட் மட்டும்தான் சார், சின்ன வேலை" என்ற பேச்சுக்கு, எழுதி வாங்கிய அந்தத் தாள்தான் பதில்.

வேலை முடிந்து வண்டி கைக்கு வந்ததும் அன்றே விரட்டிப் பார்க்கத் தோன்றும். புது லைனிங்கின் முகம் ஃபிளைவீலோடு முழுதாகப் பொருந்தி உட்கார 500 முதல் 800 கி.மீ. வரை ஆகும். அதுவும் நின்று நின்று கிளம்பும் நகர ஓட்டமாக இருந்தால் நல்லது. ஹைவேயில் ஒரே கியரில் போனால் கிலோமீட்டர் ஏறுமே தவிர கிளட்ச் உட்காராது. அதுவரை முழு ஆக்ஸிலரேட்டர் வேண்டாம், ரீமேப்பும் வேண்டாம். அப்புறம் அதே சாலையில், அதே நாலாவது கியரில், ஓ.பி.டி.யைச் சொருகி ஒரு பதிவு எடுங்கள். கம்பெனி சாஃப்ட்வேரில் விகிதம் அசையாமல் நின்றால் மட்டும் ரீமேப்பை ஏற்றி, இன்னொரு பதிவு.